பெற்றோருக்குக் கடிதம்: காலாண்டு விடுமுறையும் ஒரு சங்கதியும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பெண்கள் கபடி அணி வட்டார அளவில் ஜெயித்து வந்திருக்கிறது. அறிவியல் கண்காட்சிக்கு வந்தவர்களுக்கு நன்றி. பள்ளி திறக்கும் தேதி டைரியில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் ஜாமெட்ரி பாக்ஸில் பென் டிரைவ் போல ஒன்று கிடைத்தது. மாம்பழ மிட்டாய் வாசம். மின் சிகரெட்: புட்டியில் வரும் திரவத்தைச் சூடாக்கி, ஆவியாக உறிஞ்சும் கருவி. "வெறும் ஃபிளேவர் தண்ணிங்க சார்" என்றான். யார் பிள்ளை என்று தயவுசெய்து கேட்க வேண்டாம்.

அந்தத் 'தண்ணி' புட்டியில் இருக்கும்வரை உலோகம் குறைவுதான். கருவிக்குள் சூடேறும் கம்பிச்சுருளைத் தொட்டபின்தான் வினை. மோட்டார் காயில் கட்டும் அப்பாக்களுக்குச் சொல்லவே வேண்டாம்: சுருளில் நிக்கல், குரோமியம், சால்டர் வைத்த இடத்தில் காரீயம் (லெட்). (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு.) 2018இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 56 பேரின் சொந்தக் கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். புட்டியில் இருந்ததைவிட ஆவியில் காரீயம் 25 மடங்குக்கும் மேல்.

நம் ஆய்வகத்தில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் காரீயம் மஞ்சளாக வீழ்படியும். இதில் விட்டால் ஒன்றும் தெரியாது. அவர்கள் கண்டது நூறு கோடியில் சுமார் 15 பங்கு. பல ஆயிரம் டிகிரி ஆர்கான் பிளாஸ்மாவில் அயனிகளாக்கி எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குத்தான் அது அகப்படும். அவ்வளவு கொஞ்சம்தானே என்று விடவும் முடியாது. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2019 முதல் நம் நாட்டில் இதை விற்பதும் இருப்பு வைப்பதும் குற்றம். விற்றவருக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறை. பள்ளியில் வைத்திருப்பது சரியில்லை என்று அந்தக் கருவியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். இனி யார் பையில் கிடைத்தாலும் அன்றைக்கே அப்பா, அம்மா இருவரும் வர வேண்டும். சிபாரிசுக்கு ஆள் கூட்டி வராதீர்கள்.

பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, தூக்கக் கண்ணோடு பிள்ளையைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் மேல் குறை சொல்லவில்லை. விடுமுறையில் பையை ஒருமுறை பாருங்கள். ஏதாவது இருந்தால் அடிக்காமல், எங்கே வாங்கினான் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பையனின் அப்பா மறுநாளே சத்தம் போடாமல் வந்து, கடையைச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு என் நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்