டாப்சிலிப் பயணம்: பழைய மாணவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி 18, ஞாயிறு ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்சிலிப் போகிறோம். வனத்துறை அதிகாரி ஹ்யூகோ உட் வாழ்ந்த மவுண்ட் ஸ்டூவர்ட் வீட்டையும் அவர் கல்லறையையும் பார்க்கலாம். வெட்டி வெட்டி மொட்டையான மலையில் தேக்கை மறுபடி வளர்த்தவர், 1933இல் இறந்தார். அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே புதைத்திருக்கிறார்கள்.

1. காலை 5.30, கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்ட். 5.45க்கு வேன் கிளம்பிவிடும். போன தடவை மாதிரி யாருக்காகவும் நிற்காது.
2. ஆதார் அட்டை.
3. பிளாஸ்டிக் வேண்டாம். சேத்துமடை செக்போஸ்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.
4. ஸ்வெட்டர், காலைச் சாப்பாடு அவரவர் பொறுப்பு. சாப்பாட்டுப் பையை வெளியே வைக்காதீர்கள், குரங்குகள் விடாது.

வருகிறவர்கள் புதன் இரவுக்குள் பெயர், எத்தனை பேர் என்று இங்கேயே எழுதவும். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் சேராது, சரியா?