மாமாவும் மேட்டூர் நீர்மட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருவாரூர் அருகே குறுவையும் சம்பாவுமாக அறுபது ஆண்டுகள் உழவு செய்த என் தாய்மாமா சென்ற மாதம் காலமானார். காலையில் நாளிதழ் வந்ததும், தலைப்புச் செய்தியைக்கூடப் பார்க்காமல், மேட்டூர் அணையின் நீர்மட்டம் அச்சாகும் சிறு கட்டத்தைத் தேடி, அந்த எண்ணை மாதக் காலண்டரில் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் காபியைத் தொடுவார். அணை நிரம்பி 120 அடி என்று வந்த நாளில் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டுவார். பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-இல் அணை திறக்காத ஆண்டுகளிலோ அவர் முகத்தைப் பார்க்கவே எங்களுக்கு மனம் வராது. அவர் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள்; என் கல்லூரிக் கட்டணமும் அவர் விற்ற நெல்தான். காரியம் முடிந்து காலண்டரைக் கழற்றியபோது, கடைசியாக அவர் கைநடுங்க எழுதியிருந்த எண்ணைக் கண்டு அத்தை உடைந்துபோனார். இடம் போதவில்லை என்று அந்தக் கட்டத்தை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்