வலது கைக்கு மறுபடியும் பாடம்

அன்பு நண்பா,

வணக்கம். உன் கடிதம் வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். பேத்தி பிறந்த செய்தியைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

நான் கச்சேரிகளில் கிட்டாரில் லீட், அதாவது தனித்து ஒலிக்கும் முன்னணி இசை, வாசிப்பதை விட்டுவிட்டேனாமே என்று கேட்டிருந்தாய். விடவில்லை, தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். 32 ஆண்டுகளாக வாசித்துவந்த வலது கையை அடியிலிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். இதை முழுமையாகப் புரிந்துகொள்ளக்கூடியவன் நீ ஒருவன்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ற ஆடி மாதம் ஓர் அம்மன் கோயில் கச்சேரியில், எத்தனையோ முறை வாசித்த ஓர் இடையிசையில் கம்பியை மீட்டும் சிறு தகடான என் பிளெக்ட்ரம் தடுக்கியது. கேட்டவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே இடத்தில் அதே தடுமாற்றம் பல ஆண்டுகளாகவே இருந்துவருவது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொல்லி, கைபேசியில் நொடிக்கு 240 படங்கள் என்ற கணக்கில் என் வலது கையைப் படம்பிடிக்கச் செய்தேன். நொடிக்கு எட்டு சுரங்கள் வாசித்தால் ஒரு சுரத்துக்கு முப்பது படங்கள் கிடைக்கும். இத்தனை ஆண்டுகளில் என் கையை நானே பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரே கம்பியில் வாசிக்கும்போது கை அழகாகவே நகர்ந்தது. கம்பி மாறும் இடத்தில்தான் சிக்கல். நாம் கையைக் கம்பிகள் அமைந்த தளத்துக்கு நேர் இணையாக அசைப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தப் பாதை சற்றுச் சாய்வானது. என் கையில் கீழ்நோக்கி மீட்டும்போது பிளெக்ட்ரம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே புதைந்துவிடுகிறது. மேல்நோக்கி மீட்டும்போது கம்பிகளுக்கு வெளியே எழுந்துவிடுகிறது. ஆகவே மேல்மீட்டோடு ஒரு கம்பியை முடித்தால் அடுத்த கம்பிக்குத் தடையின்றிப் போகலாம். கீழ்மீட்டோடு முடித்தால், புதைந்த பிளெக்ட்ரத்தை வெளியே தூக்கி, நடுவில் இருக்கும் கம்பியைத் தாண்டி, மறுபுறம் இறக்க வேண்டும். இதற்காக என் முன்கை முழுவதும் ஒரு துள்ளு துள்ளியது. அந்த நேரத்தில் முழங்கை இறுகுவதும், கிட்டாரின் உடலில் கீறல் விழாமல் காக்கும் பிடிகாப்புப் பலகையில் ஊன்றியிருந்த சுண்டுவிரல் வெளுக்கும்வரை அழுந்துவதும் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. நீண்ட கச்சேரிகளுக்குப் பிறகு முன்கை வலிப்பதை வயதின் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

அதைவிட என்னைப் பாதித்த ஒன்று உண்டு. பழைய ஒலிப்பதிவுகளை எடுத்துக் கேட்டபோது, கம்பி மாறும் கடினமான இடங்களையெல்லாம் நான் இடக்கை விரல்களால் சமாளித்திருப்பது புரிந்தது. மீட்ட வேண்டிய சுரத்தை மீட்டாமல் விரலைத் தட்டியோ வழுக்கியோ எடுத்திருக்கிறேன். உன் வாசிப்பில் ஒரு குழைவு இருக்கிறது என்று நீயே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். நானும் அதை என் பாணி என்று நம்பினேன். அதில் ஒரு பகுதி, வலது கைக்கு முடியாததை மறைக்க இடது கை கண்டுபிடித்த வழி. இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின.

முதலில் நமக்குச் சொல்லிக்கொடுத்த முறையிலேயே தொடங்கினேன். தாளத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, நாளுக்கு இரண்டாகக் கூட்டிக்கொண்டு போனேன். 110ஐத் தொட்டதும் பழைய துள்ளல் அப்படியே திரும்பியது. காரணத்தைப் பிறகுதான் உணர்ந்தேன். மெதுவாக வாசிக்கும்போது எந்த அசைவும் சரியாகவே இருக்கும். துள்ளுவதற்கும் தாண்டுவதற்கும் வேண்டிய நேரம் இருக்கிறது. ஆகவே அந்த வேகத்தில் நான் திருத்திக்கொண்டதாக நினைத்தது பழைய பழக்கத்தையே மேலும் உறுதிப்படுத்தியிருக்கிறது. பிறகு முறையைத் தலைகீழாக மாற்றினேன். ஒற்றைக் கம்பியில், சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல், முழங்கை இறுகாமல் மணிக்கட்டு மட்டும் அசையும்படி விரைவாக மீட்டிப் பார்த்து, அந்தத் தளர்ந்த அசைவு எப்படி இருக்கிறது என்று கை உணர்ந்த பின்னரே அதை மெதுவாக்கினேன். மெதுவான பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை மெதுவாகச் செய்கிறோம் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு வழிகாட்டியது ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் மரபு. 1910இல் பெல்ஜியத்தில் பிறந்த ஜாஸ் கிட்டார் கலைஞர். 1928இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் ஏறக்குறையச் செயலற்றுப் போயின. எல்லோரும் அந்த இடது கையைப் பற்றியே பேசுகிறார்கள். அவருடைய வலது கையும் அதே அளவு கவனத்துக்குரியது என்பது என் கருத்து. அந்த மரபில் மணிக்கட்டு சற்று வளைந்து, பலகையில் ஊன்றாமல் நிற்கும். ஒவ்வொரு புதிய கம்பியும் கீழ்மீட்டோடு தொடங்கும். மீட்டிய பிளெக்ட்ரம் அடுத்த கம்பியின்மேல் வந்து சாய்ந்து ஓய்வெடுக்கும். மெல்லிய கம்பிகளை நோக்கிப் போகும்போது, பிளெக்ட்ரம் ஏற்கெனவே அடுத்த கம்பியில் சாய்ந்திருப்பதால் அதை அப்படியே தள்ளினால் போதும், அடுத்த சுரம் பிறந்துவிடுகிறது. நான் பிழை என்று கருதிய அந்தப் புதைதலையே அவர்கள் ஓய்விடமாக்கியிருக்கிறார்கள். முதன்முதலில் இது என் கையில் நிகழ்ந்த காலையில் ஒலி அவ்வளவு திரண்டு வந்தது. கிட்டாரைக் கீழே வைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதுதான் ஒரே சரியான முறை என்று எண்ணிவிடாதே. அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி பிளெக்ட்ரமே இல்லாமல் கட்டைவிரலால் வாசித்து, கேட்பவரை உருக வைத்தார். எனக்கு என் கையின் சாய்வுக்குப் பொருந்துவது வேண்டியிருந்தது, அவ்வளவே.

பயிற்சிக்கு, கர்நாடக இசையின் தொடக்கப் பாடங்களுக்கான ராகமான நம் மாயாமாளவகௌளையையே வைத்துக்கொண்டேன். முதல் ஜண்டை வரிசையில் ஒவ்வொரு சுரமும் இரண்டிரண்டாக வருவதால் எந்தக் கம்பியிலும் மீட்டுகள் இரட்டைப்படையாகவே அமையும். எப்போதும் மேல்மீட்டோடு கம்பி மாறலாம். சுரங்கள் ஒவ்வொன்றாக வரும் சரளி வரிசையைக் கம்பிக்கு மூன்று சுரங்களாக வாசித்தால் கணக்கு ஒற்றைப்படையாகி, கீழ்மீட்டோடும் கம்பி மாற வேண்டிவரும். சிறுவயதில் மனப்பாடம் செய்த இரண்டு வரிசைகளும் என் நோயை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதோடு, வளைந்து வளைந்து தாமதப்படுத்திய 0.46 மில்லிமீட்டர் பிளெக்ட்ரத்தை விட்டுவிட்டு 1.38 மில்லிமீட்டருக்கு மாறினேன். கம்பியை அது தொடும் கோணத்தைச் சற்றுத் திருப்பி வைத்தால் தடிப்பானதும் வழுக்கிக்கொண்டு போகிறது.

நடுவில் மூன்று மாதங்கள் மிகவும் கடினமாக இருந்தன. பழைய முறையும் கைவிட்டுப்போக, புதியதும் வந்து சேராத நிலை. மேடையில் ஏறியதும் சுண்டுவிரல் தானாகவே பலகையில் போய் ஊன்றிக்கொள்ளும். குழுத் தலைவரிடம் உள்ளதைச் சொல்லி, பின்னணியில் ஒலிக்கும் ரிதம் மட்டும் வாசிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்; அவரும் மனமுவந்து சம்மதித்தார். லீட் வாசிக்கும் இளைஞன் நன்றாகவே வாசிக்கிறான். நாளுக்கு இருமுறை இருபது இருபது நிமிடங்கள் என்று பயிற்சியைப் பிரித்துக்கொண்டேன். அதற்கு மேல் தொடர்ந்தால் சோர்ந்த கை பழைய பிடியைத் தேடிப் போய்விடுகிறது.

பழைய குழைவை முழுவதும் விட்டுவிட வேண்டுமோ என்ற வருத்தம் எனக்கு இருந்தது. தடிப்பான கம்பிகளை நோக்கி இறங்கும்போது அதற்கு ஒரு விடை கிடைத்தது. அங்கே மூன்று சுரங்களையும் மீட்டினால் பிளெக்ட்ரம் மறுபடியும் உள்ளே சிக்கிக்கொள்ளும். முதல் இரண்டை மட்டும் கீழும் மேலுமாக மீட்டிவிட்டு, மூன்றாவதை இடக்கை விரலால் இழுத்துவிட்டு எடுத்தால் வலது கை வெளியே எழுந்து தயாராக நிற்கிறது. முன்பு முடியாமையால் செய்ததை இப்போது எங்கே செய்கிறேன், எதற்காகச் செய்கிறேன் என்று அறிந்தே செய்கிறேன்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். உன் மாண்டலினில் இரட்டைக் கம்பிகளின்மேல் நீ ஒரே சுரத்தை விரைந்து திரும்பத் திரும்ப மீட்டும் ட்ரெமலோ வாசிக்கும்போது உன் மணிக்கட்டு எவ்வளவு தளர்வாக இருக்கும் என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மகனிடம் சொல்லி, அதை மெதுவாக ஓடும் படமாக எடுத்து அனுப்பு. கைபேசியைக் கருவியின் கழுத்துப் பக்கமாக, கம்பிகளின் மட்டத்தில் வைக்கச் சொல். மேலிருந்து எடுத்தால் சாய்வு தெரியாது. ஒரு கம்பியில் தொடங்கி அடுத்ததற்கு மாறும் இடமும் அதில் இருக்கட்டும்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல். பேத்திக்கு என் முத்தங்கள்.

என்றும் உன்
நண்பன்