ஓட்டுநரின் கை எங்கே இருந்தது?

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே. முக்கால் கிணறு தாண்டுகிறவன் நீ என்பது எனக்குத் தெரியாததா? மகள் புது வேலையில் சேர்ந்ததும் சந்தோஷம். நியமன உத்தரவை முதலிலிருந்து கடைசி வரை படிக்கச் சொல், முக்கியமாக நோட்டீஸ் காலம் பற்றிய பத்தியை. அப்பா வக்கீலாக இருந்தும் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

கடைசிப் பக்கத்தில் என்னை நன்றாகவே வாரியிருக்கிறாய். வாழ்நாள் முழுக்க ஆலைத் தொழிலாளர்களின் உள்விசாரணை நடத்தியவன், ஓய்வு பெற்ற பிறகு குதிரை வண்டிக்காரர்களுக்கு விதிக்கும் அபராதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறானே என்கிறாய். சரி, சிரித்துக்கொள். ஆனால் அதோடு ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய்: "பந்தயத்தில் தோற்றவனையே கூப்பிட்டு அபராதம் போடுகிறார்களாமே, குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையா?" அதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

ஹார்னெஸ் பந்தயத்தில் குதிரையின் மேல் யாரும் உட்காருவதில்லை. பின்னால் பூட்டிய சல்க்கி என்ற இலகுவான இரட்டைச் சக்கர வண்டியில் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக்கூடாது. குறுக்கு ஜோடிக் கால்கள் சேர்ந்து நகர்ந்தால் அது டிராட். ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து நகர்ந்தால் பேஸ். நடை கலைந்து பாய்ச்சலுக்குப் போய்விட்டால் ஓட்டுநர் குதிரையை இழுத்துப் பிடித்து, வட அமெரிக்க விதிப்படி வழி இருந்தால் வெளிப்பக்கம் ஒதுங்கி, இடத்தை இழந்தே பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். பாய்ச்சலில் முன்னேறி லாபம் பார்த்துவிடக்கூடாது. கோட்டைத் தாண்டும்போது பாய்ச்சலில் இருந்து, சரியான நடையில் வரும் இன்னொரு குதிரை அதன் பின்தொடையை ஒட்டி வந்துவிட்டால், பாய்ந்த குதிரையைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். கண்ணால் பார்த்தாலே முடிவாகிவிடும் இந்த மாதிரி விஷயங்களில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

சவுக்கு விவகாரமும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் அதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் ஓட்டுநர் கைக்கு ஒன்றாக இரண்டு கையிலும் கடிவாள வாரைப் பிடித்திருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். "அளவாக அடி" என்று எழுதினால் அளவு எது என்று வாதம் வரும். வாரைப் பிடித்த கையை ஓங்க முடியாதே! மணிக்கட்டால் சுண்டலாம், அவ்வளவுதான். விசாரணையில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: கை எங்கே இருந்தது? நம் ஆலை நிலையாணைகளை எழுதியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தால் என் தலைமுடி இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேலே போய், 2017 செப்டம்பர் முதல் சவுக்கே கூடாது என்று அறிவித்தார்கள். பிறகு பின்வாங்கி, பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்துவதோடு நின்றுவிட்டார்கள். காலுக்கும் விதி உண்டு. வண்டியில் கால் வைக்கும் வளையத்திலிருந்து பாதத்தை எடுத்துக் குதிரையை உதைத்தால் தண்டனைதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தோற்றவனுக்கு எதற்குத் தண்டனை? ஏனென்றால், இந்த விளையாட்டில் தோற்பது குற்றமில்லை, தோற்க இடம் கொடுப்பது குற்றம். ஆஸ்திரேலிய விதி 149-ஐ எடுத்துக்கொள். குதிரை வெல்வதற்கோ, முடிந்தவரை நல்ல இடத்தில் வருவதற்கோ முழு வாய்ப்பும் கிடைக்கும்படி நியாயமான, விதிக்கு உட்பட்ட எல்லா நடவடிக்கையையும் ஓட்டுநர் எடுக்க வேண்டும் என்கிறது. அதன் அடுத்த உட்பிரிவுதான் என்னைக் கவர்ந்தது. பந்தயத்தைக் கண்காணித்து விசாரிக்கும் அதிகாரிகளான ஸ்டூவர்டுகளின் கருத்தில் ஏற்க முடியாத விதத்தில் யாரும் வண்டி ஓட்டக்கூடாது. "ஸ்டூவர்டுகளின் கருத்தில்"! உனக்கும் எனக்கும் இந்தச் சொற்றொடரைப் பார்த்தாலே காது விடைத்துக்கொள்ளும். கருத்து என்றால் அது எங்கிருந்து வந்தது, எதைப் பார்த்து வந்தது?

அமெரிக்க விதிகளில் இதே விஷயம் துண்டு துண்டாக, இன்னும் சுவையாக எழுதப்பட்டிருக்கிறது. உள்பக்கமாக இன்னொரு குதிரை முன்னேறத் தேவையில்லாமல் வழிவிடக்கூடாது. மற்றொரு குதிரை நல்ல இடத்துக்கு வர உதவும் எந்தக் காரியமும் செய்யக்கூடாது. வெளிப்பக்கத்தில் போய் நின்றுகொண்டு முன்னேற முயற்சி செய்யாமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கக்கூடாது. முன்னால் போகிறவர் அந்தத் தரத்துக் குதிரைகளுக்கு ஒவ்வாத அளவுக்கு வேகத்தைக் குறைத்து எல்லோரையும் அடைத்துவைக்கக்கூடாது.

இதை யோசித்துப் பார். ஒரே மாலையில் அதே ஓட்டுநர்கள் திரும்பத் திரும்ப ஒருவருக்கொருவர் எதிராக ஓட்டுகிறார்கள். இந்த வருடம் மட்டுமில்லை, இருபது வருடமாக. இந்தப் பந்தயத்தில் பிரபல குதிரை உன்னிடம். வேலியோரமாக எனக்கு முன்னால் இடம் கேட்கிறாய். நான் அரை நொடி வாரை இழுத்துப் பிடித்தால் உனக்கு இடம் கிடைத்துவிடும். அடுத்த பந்தயத்தில் எனக்கு இடம் தேவைப்படும்போது நீ மறந்துவிடுவாயா? யாரும் பேசிவைக்கவில்லை, பணம் கைமாறவில்லை. வேறு எந்தத் தொழிலில் இருந்தாலும் இதற்குப் பெயர் சக ஊழியரிடம் காட்டும் மரியாதை. இங்கே அது குற்றம். என் குதிரை மீது பணம் கட்டியவருக்கு அந்த அரை நொடி நஷ்டம்; குதிரையின் சொந்தக்காரருக்கும் நஷ்டம்.

அதோடு, அப்படி இடம் கொடுத்தது பல நேரம் சரியான தந்திரமாகவும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். என் குதிரை முன்னால் நின்று காற்றை வெட்டி ஓடும் ஜாதி இல்லை, வலுவான குதிரையின் பின்னால் ஒதுங்கி ஓடினால்தான் கடைசியில் தெம்பு மிச்சமிருக்கும் என்றால், வழிவிட்டதே என் குதிரைக்குச் செய்த சேவை. கை செய்த காரியம் ஒன்றுதான், காரணம்தான் இரண்டு. இதை மூன்று பேர் உட்கார்ந்து படத்தைப் போட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மெதுவாக ஓடவிட்ட காட்சியில் எல்லாமே வேண்டுமென்று செய்தது போலத்தான் தெரியும். ஒரு மைல் பந்தயம் ஏறத்தாழ இரண்டு நிமிடம். ஓட்டுநருக்கு முடிவெடுக்கக் கிடைப்பது கண்சிமிட்டும் நேரம். நான் நடுவராக இருந்தால் முதலில் அசல் வேகத்தில் பார்ப்பேன், ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்பேன், அதன் பிறகே மெதுவாக ஓடவிடச் சொல்வேன். வரிசை மாறினால் தீர்ப்பே மாறிவிடும் என்பது என் சந்தேகம்.

நியூசிலாந்துக்காரர்களின் தீர்ப்புகளைத்தான் நான் விரும்பிப் படிக்கிறேன். அங்கே 2021 ஜூலை முதல் ரேசிங் இன்டெக்ரிட்டி போர்டு என்ற அமைப்பு இதைப் பார்க்கிறது, அதற்கு முன் ஜுடிஷியல் கன்ட்ரோல் அத்தாரிட்டி. அவர்களுடைய விதி 868(2) ஆஸ்திரேலிய விதியின் சகோதரன் மாதிரிதான். ஆனால் தீர்ப்பைத் திறந்தால் குற்றச்சாட்டு என்ன, ஒப்புக்கொண்டாரா மறுத்தாரா, இரண்டு தரப்பும் என்ன சொன்னது, குழு எதை நம்பியது, ஏன் நம்பியது, தண்டனையை எங்கே தொடங்கி எதற்காகக் கூட்டிக் குறைத்தது என்று எல்லாம் வரிசையாக இருக்கும். வெறும் கணிப்புப் பிழை குற்றமாகாது. திறமையும் நிதானமும் உள்ள ஓட்டுநர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல் என்பதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அதைப் படித்தால், தண்டனை வாங்கியவருக்கும் அடுத்த வாரம் வண்டி ஏறப்போகிற இளைஞருக்கும் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

வட அமெரிக்கப் பட்டியல்களைப் பார், ஏமாந்துபோவாய். பெயர், தேதி, எத்தனையாவது பந்தயம், விதி எண், அபராதம் இவ்வளவு, தடை இத்தனை நாள். முடிந்தது. அது தீர்ப்பில்லை, ரசீது. ஒருவன் வழிவிட்டதற்காக ஐந்து நாள் வீட்டில் உட்கார்ந்தான் என்பது தெரிகிறது. எப்படி வழிவிட்டால் தப்பில்லை என்பது தெரிவதில்லை. அவர்களுக்கும் நியாயம் உண்டு: அடுத்த பந்தயம் சற்று நேரத்தில் தொடங்கிவிடும், ஒவ்வொரு அபராதத்துக்கும் உட்கார்ந்து கட்டுரை எழுத முடியுமா? சிறிய அபராதத்துக்கு வேண்டாம். ஆனால் ஒரு மனிதனின் பிழைப்பை நிறுத்திவைக்கும்போது நான்கு வரி காரணம் எழுத நேரமில்லை என்றால், விசாரிக்க மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

அந்தத் தடையிலும் ஒரு வேடிக்கை. அமெரிக்க டிராட்டிங் சங்கத்தின் விதிப்புத்தகப்படி, ஓட்டியதில் செய்த தவறுக்கு ஐந்து நாளுக்கு மிகாத தடை என்றால், தடைக் காலத்திலேயே பெரிய பரிசுப் பந்தயங்களில் ஓட்டலாம். அப்படி ஓட்டிய ஒவ்வொரு நாளுக்கும் தடை ஒரு நாள் நீளும், அவ்வளவுதான். முதலில் படித்தபோது இது தண்டனையா சலுகையா என்று தோன்றியது. பிறகு யோசித்தால், பெரிய பந்தயத்துக்கு வருடக் கணக்கில் குதிரையைத் தயார் செய்த சொந்தக்காரர் ஓட்டுநரின் தவறுக்கு ஏன் நஷ்டப்பட வேண்டும் என்ற எண்ணம்தான் பின்னால் இருக்க வேண்டும். மேல்முறையீடு செய்து ஸ்டே வாங்கி, முக்கியமான பந்தயங்களை முடித்துக்கொண்டு, பிறகு மேல்முறையீட்டை வாபஸ் வாங்கும் கலையும் அங்கே உண்டு. உன் கட்சிக்காரர்கள் யாராவது போய்ச் சொல்லிக்கொடுத்தார்களா?

இன்னொன்றையும் கவனித்தேன். அமெரிக்காவில் 2020-இல் வந்த குதிரைப் பந்தய நேர்மைச் சட்டம் குதிரை மேல் ஆள் ஏறி ஓட்டும் தரோபிரெட் பந்தயத்துக்குத்தான் தானாகப் பொருந்தும். ஹார்னெஸ் பந்தயம் இன்னும் மாநில ஆணையங்களின் கையில்தான். ஒரு மாநிலத்தின் தடையை மற்ற மாநிலங்களும் பொதுவாக மதிக்கின்றன, ஆனால் விதியை எழுதும் கை ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு.

"ஸ்டூவர்டுகளின் கருத்து" ஏன் என்னை உறுத்துகிறது என்பதற்கு 2011-இல் நியூ சவுத் வேல்ஸில் வெளிவந்த விவகாரம் போதும். மருந்துப் பரிசோதனையிலிருந்து குதிரைகளைத் தப்பவிடுவதற்காக ஸ்டூவர்டுகள் இரண்டு பேர் பணம் வாங்கினார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. பத்திரிகைகள் அதற்கு "பச்சை விளக்கு" என்று பெயர் வைத்தன. ஓட்டுநர் குற்றம் இல்லை, வேறு விஷயம்தான். ஆனாலும் கருத்துச் சொல்லும் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற நிலையில், காரணத்தை எழுதச் சொல்வதைவிட மலிவான பாதுகாப்பு என்ன இருக்கிறது? நேர்மையானவருக்கு அதனால் கொஞ்சம் கைவலி, மற்றவருக்குத்தான் தலைவலி.

உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். அமெரிக்காவின் பெரிய டிராட் பந்தயமான ஹாம்பிள்டோனியனின் 2017 ஓட்டத்தில் கடைசி நேர்ப்பாதையை மட்டும் பார். நியூ ஜெர்சியில் மெடோலேண்ட்ஸ் மைதானம், பரிசு 10 லட்சம் டாலர். கோட்டை முதலில் தாண்டியது வாட் தி ஹில். இன்னொரு குதிரையின் வழியில் குறுக்கிட்டதாக நடுவர்கள் முடிவு செய்து அதை ஒன்பதாம் இடத்துக்குத் தள்ளினார்கள். ஓகே ஸ்வான்ஸ்டெட் ஓட்டிய பர்ஃபெக்ட் ஸ்பிரிட் வென்றதாக அறிவித்தார்கள். வாட் தி ஹில் தரப்பினர் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்; வெற்றியாளர் பட்டியலில் இன்றைக்கு இருப்பது பர்ஃபெக்ட் ஸ்பிரிட்தான். குதிரைக்கு என்ன தெரியும்? இடம் போனது குதிரைக்கு, பணம் போனது சொந்தக்காரருக்கு. வாரைப் பிடித்திருந்த கையின் பங்கு எவ்வளவு? முதலில் அசல் வேகத்தில் பார், பிறகு மெதுவாக. இரண்டு முறையும் உன் முடிவைத் தனித்தனியாகக் காகிதத்தில் எழுதி அனுப்பு. என் முடிவை இப்போது சொல்ல மாட்டேன், சொன்னால் நீ வழக்கம் போல எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்வாய்.

நம் சீனியருக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது பழைய தீர்ப்புகளை மறுபடி படித்து, ஓரத்தில் பென்சிலால் திருத்திக்கொண்டிருக்கிறாராம். அவருக்கு இந்தப் பந்தயத் தீர்ப்புகளை அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் என்னைத்தான் திட்டுவார்கள். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி