மூக்குக்குள் நிப்பு மறைந்திருந்தால் போதாது, அது பார்க்கர் 51 ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மைப் பேனாக்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தோம். ஆனால் அதில் ஒரு வரி வாசகர்களை வீண் செலவில் இழுத்துவிடும். நிப்பு மூக்குக்குள், அதாவது பேனாவின் முன்பக்க உறைக்குள் மறைந்து நுனி மட்டும் தெரிய, மூடி உலோகமாக இருந்தால் அது அமெரிக்கப் பார்க்கர் நிறுவனத்தின் 51 என்கிறது அந்த வரி. பார்க்கர் 21-ம் அப்படித்தான் இருக்கும், 61-ம் அப்படித்தான் இருக்கும். சீனாவின் ஹீரோ 100, நம் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பையில் பல ஆண்டுகள் குடியிருந்த ஹீரோ 616 எல்லாமே அதே அச்சில் வார்த்தவை. பழைய சாமான் கடைகளில் இவை அத்தனையும் 51 என்ற பெயரிலேயே கைமாறுகின்றன.

கையில் எடுத்ததும் பேனாவின் வால் பக்கத்தைப் பாருங்கள். முனைக்குச் சற்று முன்னால் உடலைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறதா? தெரிந்தால் அங்கே ஒரு குட்டி மூடி இருக்கிறது. அதைத் திருகி எடுத்தால் உள்ளே அழுத்துகோல் இருக்கும். 1941-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் வகை இதுதான், வேக்குமேட்டிக் என்பார்கள். அழுத்துகோல் அலுமினியம் என்றால் தொடக்க காலத்தது. போர்க்காலத்தில் அதைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிட்டார்கள். மூடியின் உச்சியில் மட்டுமல்லாமல் வாலிலும் குமிழ் பதித்திருந்தால் அதுவும் முந்தைய பேனா என்பதற்கு அடையாளம்.

வாலில் கோடு இருக்கும் பேனாவை, மூக்கும் உடலும் சேரும் கழுத்து வளையத்தில் பிடித்துத் திருகவே கூடாது. அங்கே திருகினால் பிரிவது உடல் அல்ல, மூக்கு. அரக்கு வைத்து ஒட்டிய மூக்கு அது. முரட்டுத்தனமாகத் திருகினால் உள்ளே நிப்பும், அதற்கு மை தரும் கட்டையும் இடம் மாறும், நடுவில் ஓடும் மெல்லிய காற்றுக் குழாய் முறியும். கடையில் நின்றபடி செய்யக்கூடிய சோதனை ஒன்றே ஒன்று. நிப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி அழுத்துகோலைப் பத்து முறை அழுத்தி விடுங்கள். பிறகு வெளியே எடுத்து மீண்டும் அழுத்தினால் தண்ணீர் தாராளமாக வர வேண்டும். இரண்டு சொட்டோடு நின்றால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு இற்றுப்போயிருக்கிறது. அதை மாற்ற முடியும், ஆனால் அந்தச் செலவையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

வாலில் கோடு இல்லையா? வளையத்துக்குக் கீழே உடலைத் திருகுங்கள், இலகுவாகக் கழன்று வரும். உள்ளே பளபளவென்று ஓர் உலோக உறை, அதன் பக்கத்தில் வரிவரியான ஓர் அழுத்துப் பட்டை. இது 1948-ல் வந்த ஏரோமெட்ரிக். உண்மையான 51 என்றால் அந்த உறையிலேயே பார்க்கர் 51 என்ற பெயரும், பட்டையை 6 முறை நன்றாக அழுத்த வேண்டும் என்ற குறிப்பும் பொறித்திருக்கும். எங்களைக் கேட்டால் மூடியை விட, நிப்பை விட நம்பகமான சாட்சி இந்தப் பொறிப்புதான். மூடியை எவரும் மாற்றிவிடலாம், உறையை மாற்ற மெனக்கெடுபவர் குறைவு.

ஆறு முறை என்பதற்குக் காரணம் உண்டு. மைப்பைக்குள் ஒரு நுண்குழாய் நிற்கிறது. ஒவ்வொரு அழுத்தலிலும் அதன் வழியே காற்று வெளியேறி, அந்த இடத்துக்கு மை ஏறும். ஒருமுறை அழுத்தினால் பை கொஞ்சம்தான் நிரம்பும். ஆறு முறை அழுத்தி, சில விநாடி பொறுத்து வெளியே எடுத்து, மருந்து அளக்கும் மூடியில் பீய்ச்சிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு மில்லி வர வேண்டும். எத்தனை முறை அழுத்தியும் அதில் ஒரு சிறு பங்குதான் வருகிறது என்றால் குழாய் முறிந்திருக்கிறது. ஆரம்ப காலக் குழாய்கள் வெள்ளியால் ஆனவை, மை அவற்றை அரித்துவிடும். பை மட்டும் அதிசயமாக உழைக்கும். ரப்பர் அல்ல, பிளாஸ்டிக். அறுபது எழுபது ஆண்டு கழித்தும் வளைந்து கொடுக்கும் பைகள் ஏராளம். அதனால் சும்மாவேனும் உறையை இழுத்துக் கழற்றாதீர்கள்.

இனி 21. இதுவும் 1948-ல், குறைந்த விலைக்கென்று வந்தது. 51-இன் உடல் லூசைட் எனும் அக்ரிலிக். 21-க்குப் போட்டது மலிவான பிளாஸ்டிக், ஆகவே வயதானால் மூக்கு வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் நுனியிலிருந்து மேலே ஏறும், அதன் வழியே மை கசிந்து விரலில் ஒட்டும். நிப்பு ஆக்டேனியம் என்ற எட்டு உலோகக் கலவை, நிறம் வெள்ளை. 51-இன் நிப்போ 14 காரட் தங்கம். அந்த முத்திரை மூக்குக்குள் மறைந்திருப்பதால் வெளியே தெரியாது. முத்திரையைக் காட்டுகிறேன் என்று கடைக்காரர் மூக்கைத் திருகப் போனால் தடுத்துவிடுங்கள். கட்டுரையில் வந்த படத்தில் நிப்பு வெள்ளை, மூக்கில் நீளக் கீறல். எங்கள் கணிப்பில் அது 21.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 51 ஸ்பெஷல் என்று ஒரு வகை உண்டு, அதற்கும் ஆக்டேனியம் நிப்புதான். ஆகவே வெள்ளை நிப்பு என்றதும் 21 என்று ஒதுக்கிவிடாமல், உடலைக் கழற்றி உறையில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

1956-ல் வந்த 61-ஐ அடையாளம் காண்பது எளிது. மூக்கின் மேல் நிப்பை நோக்கி ஒரு சிறு உலோக அம்பு பதித்திருக்கும். பல பேனாக்களில் அது உதிர்ந்து பள்ளம் மட்டும் மிச்சம். முதல் 61-களில் அழுத்துப் பட்டையே கிடையாது. உடலைக் கழற்றிவிட்டுப் பேனாவின் பின்பக்கத்தை மைப்புட்டியில் நிறுத்தினால் தானாகவே மை உறிஞ்சும். உள்ளே மை காய்ந்து இறுகிவிட்டால் அலசி எடுக்கப் பொறுமை வேண்டும், வெந்நீர் மட்டும் கூடாது. ஹீரோவை அதிகம் ஆராய வேண்டாம், மூடியின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தாலே பெயர் சொல்லிவிடும். மூடி திருகுமரையோடு இருந்தால் அது 2021-ல் பார்க்கரே வெளியிட்ட புதிய 51. பழைய 51-இன் மூடி இழுத்தால் வரும்.

கிளிப்பில் நீல வைரக் குறி இருக்கிறது என்று கூடுதல் விலை கேட்பார்கள். அந்தக் குறி வேக்குமேட்டிக் காலத்தது. ஏரோமெட்ரிக் உடலில் அது இருந்தால் பெரும்பாலும் வேறொரு பேனாவின் மூடியை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு வகைக்கும் மூடி பொருந்தும்.

நிறத்திலும் ஏமாற்று நடக்கிறது. பிளம் எனும் நாவல்பழ நிறம் 1948-ஐ ஒட்டிய கொஞ்ச காலமே வந்தது, அதனால் விலை அதிகம். பர்கண்டி எனும் செம்பழுப்பு தாராளமாகக் கிடைக்கும். குழல் விளக்கின் கீழ் இரண்டும் ஒரே கருஞ்சிவப்பு. வெயிலில் கொண்டுபோய், மூக்கைக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். ஊதா தட்டினால்தான் பிளம். துடைக்கத் தண்ணீர் போதும். ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக்கில் நுண்விரிசல் ஓடிவிடும்.

இப்படிக்கு,
பழைய பேனா சேகரிக்கும் வாசகர்கள் சிலர்,
சென்னை.