டெனர் பாஞ்சோவில் கட்டைவிரலுக்கும் வேலை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தந்தி வாத்தியம் கற்கத் தொடங்குகிறவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். உட்காரும் முறை, தந்தி மாற்றுவது, தினசரிப் பயிற்சி எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் இடதுகைக் கட்டைவிரல் எப்போதும் கழுத்துக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், அது தந்தியைத் தொட்டால் கெட்ட பழக்கம் என்று கிட்டார், மாண்டலின், பாஞ்சோ மூன்றுக்கும் சேர்த்து ஒரே விதியைப் போட்டுவிட்டார்கள். நான் டெனர் பாஞ்சோ வாசிக்கிறவள். சிலருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அந்த விதியை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

டெனர் பாஞ்சோவைப் பார்த்திராதவர்களுக்கு: தோல் கட்டிய வட்டமான உடல், நீண்ட கழுத்து, நான்கு உலோகத் தந்திகள், பிக் என்ற சிறு தகடு கொண்டு மீட்டுவது. 1920-களின் ஜாஸ் குழுக்களில் தாளத்துக்கு உயிர் கொடுத்த வாத்தியம் இதுதான். வழக்கமான சுருதி கீழிருந்து மேலாக சி–ஜி–டி–ஏ. வயோலாவின் நான்கு தந்திகளும் இதே ஸ்வரங்கள்தான். செல்லோவில் இதற்கு ஒரு ஸ்தாயி கீழே. ஐரிஷ் இசைக்காரர்கள் ஜி–டி–ஏ–ஈ என்று இறக்கிச் சுருதி கூட்டுவார்கள். டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா 1960-களில் பரவலாக்கிய முறை அது.

கட்டைவிரல் பின்னால் இருக்க வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து, நட் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) அருகே சுமார் 52 மில்லிமீட்டர் அகலம். ஆறு தந்திகளையும் தாண்டி விரல் போக வேண்டுமென்றால் உள்ளங்கை விலகி நிற்க வேண்டும், அதற்குக் கட்டைவிரல் பின்னால் நடுவில் இருந்தே ஆக வேண்டும். நியாயமான விதிதான். டெனர் பாஞ்சோவின் கழுத்தோ அதே இடத்தில் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர்தான். கையை இயல்பாகக் கொண்டுபோய்ப் பிடித்தால் கட்டைவிரலின் நுனி தானாகவே விளிம்பைத் தாண்டி, நான்காம் தந்தியான சி-யின் மேல் வந்து நிற்கிறது. அகலக் கழுத்துக்குப் போட்ட சட்டத்தை ஒல்லிக் கழுத்தின் மேல் ஏன் சுமத்த வேண்டும்?

ஓர் உதாரணம் சொல்கிறேன், பாஞ்சோ வைத்திருப்பவர்கள் உடனே கையில் எடுத்துப் பார்க்கலாம். சி மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு): நான்காம் தந்தியில் 4-ஆம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி), மூன்றாம், இரண்டாம் தந்திகளில் 5, முதல் தந்தியில் 3. விரல் படாத திறந்த தந்தி எதுவும் இல்லாததால் இந்த வடிவத்தை அப்படியே மேலும் கீழும் நகர்த்தலாம். இரண்டு ஃப்ரெட் கீழே வந்தால் பி ஃப்ளாட், இரண்டு ஃப்ரெட் மேலே போனால் டி. ஐரிஷ் சுருதியில் இதே வடிவம் ஜி மேஜர் ஆகிவிடும். பாடப்புத்தக முறையில் இதற்கு நான்கு விரலும் வேண்டும்: முதல் தந்தியில் ஆள்காட்டி விரல், நான்காம் தந்தியில் நடுவிரல், இடையில் மோதிர விரலும் சுண்டு விரலும். கை நிறைந்துவிட்டது. இனி ஒரு ஸ்வரம் கூட்ட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு விரலை எடுத்தாக வேண்டும், எடுத்தால் கார்டில் ஓட்டை விழும்.

இப்போது நான்காம் தந்தியைக் கட்டைவிரலிடம் கொடுங்கள். நடுவிரலும் மோதிர விரலும் இரண்டு 5-களைப் பார்த்துக்கொள்ளும், ஆள்காட்டி விரல் இருந்த இடத்திலேயே இருக்கும், சுண்டு விரல் முழுசாக விடுதலை. முதல் தந்தியில் ஆள்காட்டி விரல் 3-இல் சி-யைப் பிடித்திருக்க, சுண்டு விரல் 5-இல் டி-யையும் 7-இல் ஈ-யையும் தொட்டுவிட்டு வரலாம். கீழே மூன்று தந்திகளும் அசையாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதாவது மேல் தந்தியில் பாட்டு நகர்கிறது, கீழே கார்ட் நிற்கிறது. கார்ட்-மெலடி என்று சொல்வார்களே, ஹாரி ரெசர் போன்றவர்கள் டெனர் பாஞ்சோவைத் தனி வாத்தியமாக நிமிர்த்தி வைத்த அந்த வாசிப்பின் அடிப்படை இதுதான்: ஒரே கையில் பாட்டும் பக்கவாத்தியமும். அதற்கு ஒரு விரல் கூடுதலாகக் கிடைக்கிறதென்றால் அதை ஏன் தடுக்க வேண்டும்?

எனக்கு இது வெறும் வசதி இல்லை. என் இடது சுண்டு விரல் ஒரு பழைய எலும்பு முறிவுக்குப் பிறகு நடு மூட்டில் சரியாக மடங்காது. ஒற்றை ஸ்வரத்தைத் தொடும், ஆனால் கார்டுக்குள் மற்ற விரல்களோடு நெருக்கிக்கொண்டு அழுத்தாது. கட்டைவிரல் இல்லாவிட்டால் மேலே சொன்ன சி மேஜரில் நான் மூன்று ஸ்வரம்தான் வாசிப்பேன். ஆரம்பத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கட்டைவிரல் விளிம்பைத் தாண்டும்போதெல்லாம் பிக்கால் அதைத் தட்டுவார். இப்போது என்னிடம் வரும் மாணவர்களில் சிலரும் அப்படித் தட்டு வாங்கியவர்கள்தான். நன்றாகத் தாளம் பிடிக்கிறவர்கள், காது உள்ளவர்கள், ஆனால் கை தப்பாக இருக்கிறது என்ற கூச்சத்திலேயே கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள். அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கட்டைவிரலைப் பயன்படுத்தி மேதைகளாக ஆனவர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? கிட்டாரில் மெர்ல் டிராவிஸும் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் கீழ்த் தந்தியைக் கட்டைவிரலால்தான் பிடித்தார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் பாஞ்சோ-கிட்டாரில் தொடங்கியவர். 1928-இல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகு, மிச்ச விரல்களோடு கட்டைவிரலையும் சேர்த்துக்கொண்டுதான் கார்ட் பிடித்தார். செவ்வியல் இசையில் ஒழுங்கு வேண்டுமே என்பவர்களுக்குச் செல்லோவைக் காட்டுவேன். அங்கே கட்டைவிரலைக் கழுத்தின் பின்னாலிருந்து எடுத்துத் தந்திகளின் மேலேயே குறுக்காக வைத்து அழுத்துவது முறைப்படி கற்றுத்தரப்படும் பாடம்.

அதற்காக எல்லாக் கார்டுக்கும் கட்டைவிரல் என்று நான் சொல்லவில்லை. அடுத்தடுத்த தந்திகள் ஐந்தாம் ஸ்வர இடைவெளியில் (சி-யிலிருந்து ஜி போல) நிற்கும் இந்தச் சுருதியில் விரல்களை அகட்ட வேண்டிய இடங்கள் நிறைய. மாண்டலின்காரர்கள் சர்வசாதாரணமாகப் பிடிக்கும் 7–5–2–3 (நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை ஃப்ரெட் எண்கள்) வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 7 வரை மாண்டலினில் சுமார் 8 சென்டிமீட்டர். 23 அங்குலத் தந்தி நீளமுள்ள டெனர் பாஞ்சோவில் 13 சென்டிமீட்டர். அங்கே கட்டைவிரல் உதவவே உதவாது, ஏனென்றால் அது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விட்டு அத்தனை தூரம் தள்ளிப் போகாது. கட்டைவிரல் மேலே ஏறியதும் உள்ளங்கை கழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது, மற்ற விரல்களின் வீச்சு குறைகிறது. அதனால் அகட்டும் கார்டுகளுக்கும், ரீல் என்ற வேகமான ஐரிஷ் நடன மெட்டுகளை ஒற்றை ஸ்வரமாக ஓட்டுவதற்கும் கட்டைவிரல் பின்னாலேயே இருக்கட்டும். நான்காம் தந்தியின் ஸ்வரமும் மற்ற தந்திகளின் ஸ்வரங்களும் இரண்டு மூன்று ஃப்ரெட்டுக்குள் கூடி நிற்கும் வடிவங்களில்தான் அதற்கு வேலை. நல்ல வேளையாக அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. திறந்த ஏ மேஜர், 1–2–2–0, அதைப் பழக மிக எளிது. முதல் நாள் அதைத்தான் கொடுப்பேன்.

பிடிக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். நுனிக்குச் சற்றுக் கீழே, சதையின் ஓரத்தால், ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் லேசாக அழுத்தினால் போதும். கிட்டாரில் அழுத்துவதுபோல் அழுத்தினால் தந்தி விளிம்பை விட்டுச் சரியும், அல்லது சுருதி ஏறிவிடும். பாஞ்சோ தந்திகள் மெல்லியவை, கொஞ்சம் இழுத்தாலே ஸ்வரம் கூடிப்போகும். இன்னொன்று, தோள்வார் கட்டாயம். வாத்தியத்தின் எடையை இடது கை தாங்கிக்கொண்டிருந்தால் கட்டைவிரல் எந்த முறையிலும் உருப்படியாக வேலை செய்யாது. அப்புறம், தந்தியை அழுத்தாமல் சும்மா தொட்டு நிற்கவும் அதே கட்டைவிரல் பயன்படும். கார்டில் சேராத சி தந்தி அதிராமல் அடங்கிவிடும், பிக்கை நான்கு தந்தியிலும் தைரியமாக வீசலாம்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் கார்ட் படங்கள் வரும் என்று போட்டிருந்தீர்கள். பாஞ்சோவுக்கான படங்களில் ஏ மேஜர், பி ஃப்ளாட் இரண்டுக்கும் மட்டுமாவது கட்டைவிரல் பிடியையும் சேர்த்துக் காட்டுங்கள். கிட்டார் புத்தகங்களில் கட்டைவிரலுக்குத் தனி எழுத்து போடுவதுபோல நான்காம் தந்திக்கு நேரே 'க' என்று குறித்தால் போதும். இடது கையின் புகைப்படத்தை வாசிப்பவரின் தோளுக்கு மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து எடுத்தால் கட்டைவிரல் எந்த இடத்தில் தந்தியைத் தொடுகிறது என்பது சரியாகத் தெரியாது.

இப்படிக்கு,
டெனர் பாஞ்சோ கற்பிக்கும் தங்கள் வாசகி