காபிக்கு இனிப்பு மாத்திரை போடலாமா?

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இனிப்பு மாத்திரையால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸப்பில் வந்ததைப் படித்துப் பயந்து, சர்க்கரை நோய் இருந்தும் அந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறாய் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. செய்தி முழுப் பொய்யில்லை. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இனிப்பு மாத்திரைகளில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டியை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம் என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஆனால் அந்தப் பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்வது, எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதை அல்ல. அதே சமயத்தில் இன்னொரு நிபுணர் குழு, ஒரு நாளைக்கு உடல் எடை கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பே போதும் என்றது. உன் 60 கிலோவுக்கு 2,400 மில்லிகிராம். ஒரு டின் டயட் கோலாவில் 300 இருந்தால்கூட தினமும் எட்டு டின்னுக்கு மேல் குடித்தால்தான் அதைத் தாண்டும், உன் காபி மாத்திரை எந்த மூலைக்கு!

சென்னையில் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் மோகன் குழுவினர், டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்குக் காபி, டீயில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் என்ற இன்னொரு இனிப்பூட்டியைக் கொடுத்து 12 வாரம் பார்த்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏறவில்லை, எடை கொஞ்சம் குறைந்தது. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

அப்புறம், எனக்கு உண்மையில் கோபம் வருவது 'சுகர் ஃப்ரீ' மைசூர்பாகு, பிஸ்கட் மேல்தான். சர்க்கரை இல்லையே என்று நாலு துண்டு உள்ளே போகிறது, நெய்யும் மைதாவும் எங்கே போகும்? பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார், 950, 951, 955 என்று பொடி எழுத்தில் இருந்தால் இந்த இனிப்பூட்டிகள்தான். பிள்ளைகளுக்கு அதை வாங்காதே, அவர்களுக்கு எதற்கு அந்த நாக்குப் பழக்கம்? உன் தம்பி எடை குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்பியிருக்கிறான் என்றாயே, அது வேண்டாம் என்று சொல். எடைக் கட்டுப்பாட்டுக்கு இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. உன்னைப் போல ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

நீ மாத்திரைக்கே திரும்பு, இல்லாவிட்டால் வெறும் காபிக்குப் பழகு. அடுத்த ரத்தப் பரிசோதனை முடிந்ததும் ரிசல்ட்டை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சேகர்